பையனோட காலேஜ் டீம் ஃபார்ம்ல சிக்கிள் செல் டெஸ்ட் கேக்குறாங்க, வேணாம்னு கையெழுத்து போட்டுடலாமா?

கூடலூர்_மருமக

எல்லாருக்கும் வணக்கம். இங்க ரொம்ப நாளா படிக்கிறதோட சரி, எழுதுறது இதான் முதல் தடவை.

நாங்க டெக்சாஸ்ல இருக்கோம். பெரியவன் இந்த ஆகஸ்ட்ல காலேஜ் சேர்றான், க்ராஸ் கன்ட்ரி (ட்ராக்குக்கு வெளிய ஓடுற நெடுந்தூர ஓட்டம்) டீம்ல இடம் கிடைச்சிருக்கு, சின்ன காலேஜ்தான், ஸ்காலர்ஷிப்பும் பெருசா இல்ல, ஆனா அவனுக்கு ஓட்டம்னா உசுரு. ஒன்பதாங்கிளாஸ்ல இருந்து யாரும் எழுப்பாமலே காலைல 5 மணிக்கு ஷூ மாட்டிட்டு கெளம்புறவன். இப்ப காலேஜ்ல இருந்து ஒரு லிங்க் அனுப்பி மெடிக்கல் ஃபார்ம் நிரப்பச் சொல்லிருக்காங்க, ஒரு பத்து பதினஞ்சு பக்கம் வருது. அலர்ஜி இருக்கா, ஆஸ்துமா இருக்கா, குடும்பத்துல யாராச்சும் 50 வயசுக்குள்ள ஹார்ட்டால இறந்தாங்களா, இப்படி. எல்லாம் உக்காந்து நிரப்பிட்டோம். கடைசில சிக்கிள் செல் ட்ரெய்ட்னு, பரம்பரையா ரத்தத்துல வர்ற ஒண்ணாம், அதுக்குத் தனியா ஒரு பக்கம். அதுல மூணு கட்டம். பழைய ரிப்போர்ட் இருந்தா அப்லோட் பண்ணு, இல்லன்னா டெஸ்ட் எடு, ரெண்டும் வேணாம்னா "எனக்கு இதப்பத்தி விளக்கிச் சொன்னாங்க, நான்தான் வேணாம்னுட்டேன், ஏதாச்சும் ஆனா காலேஜ் பொறுப்பில்ல"ங்கிற மாதிரி எழுதியிருக்கு, அதுக்குக் கீழ கையெழுத்து.

கோச்சுக்கு போன் பண்ணிக் கேட்டோம். நல்லாத்தான் பேசினாரு, "பாதிப்பேர் மூணாவது கட்டத்துலதான் டிக் பண்றாங்க, உங்க பையனுக்கு இதெல்லாம் தேவைப்படாது"ன்னாரு. எனக்கு மனசு ஒப்பல. விளக்கிச் சொன்னாங்கன்னு எழுதியிருக்கு, எங்களுக்கு ஒருத்தரும் ஒண்ணும் விளக்கலையே, அப்புறம் எதுக்குக் கீழ கையெழுத்து போடுறது? பையன் என்னடான்னா "அம்மா, ஆரம்பத்துலயே பிரச்சனை பண்ணாதீங்க, கோச் என்னை ஒரு மாதிரி பாப்பாரு"ங்குறான். 18 ஆயிடுச்சு, கையெழுத்து போட வேண்டியது அவன்தான், ஆனா நான் சொன்னா கேப்பான்.

பெரியவன் கோயம்புத்தூர்ல பொறந்தவன், 4 வயசுல இங்க வந்தோம். சின்னவ இங்கயே பொறந்தவ. வீட்டுக்காரருக்குச் சொந்த ஊரு நீலகிரி கூடலூர் பக்கம்.

நான் கேக்க வந்தது ரெண்டுதான். இந்த டெஸ்ட் நம்மளமாதிரி ஆளுங்களுக்குத் தேவையா? ரெண்டாவது, டெஸ்ட் எடுத்தே குடுத்தாலும் அந்தப் பேப்பர் எங்க போகும், யார் பாப்பா, கிரவுண்ட்ல பையனுக்கு ஏதாச்சும் ஆனா யார் பதில் சொல்லுவா? வர்ற வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

பாஸ்கர்_நியூஜெர்சி

மூணாவது கட்டத்துல டிக் பண்ணிட்டுப் போங்க மேடம். என் பொண்ணு டென்னிஸ் ஆடுனா, நாங்களும் அதான் செஞ்சோம், நாலு வருஷம் ஒண்ணும் ஆகல. அது ஆப்பிரிக்க வம்சாவளி ஆளுங்களுக்கு வர்றது, நமக்கு சம்பந்தமே இல்ல. இன்சூரன்ஸ்ல தேவையில்லாம ஒரு என்ட்ரி ஏறும், அவ்ளோதான்.

ஐஸ்_டப்

அக்கா, தயவுசெஞ்சு அந்த மூணாவது கட்டத்துல டிக் பண்ணாதீங்க. நான் இங்க ஒரு காலேஜ்ல அத்லெட்டிக் டிரெய்னரா இருக்கேன், 11 வருஷம் ஆச்சு. ஜிம்ல எக்சர்சைஸ் சொல்லித்தர்ற டிரெய்னர் இல்ல, அடிபட்டா, மயங்கி விழுந்தா முதல்ல ஓடிப்போய் பாக்குற ஆளு. நீங்க கேட்ட ரெண்டாவது கேள்விதான் முக்கியமான கேள்வி, அதை யாரும் கேக்குறதில்ல, அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன்.

இந்த ரூல் எங்கிருந்து வந்துச்சுன்னா, 2006 செப்டம்பர்ல ஹூஸ்டன்ல ரைஸ் யுனிவர்சிட்டில டேல் லாயிட்னு 19 வயசுப் பையன், ஃபுட்பால் டீம்ல முதல் வருஷம், 100 கஜ ஓட்டம் 16 தடவை ஓடச் சொல்லிருக்காங்க, ஓடி முடிச்சு விழுந்தவன் மறுநாள் இறந்துட்டான். அவனுக்கு இந்த ட்ரெய்ட் இருந்துச்சு. அப்பா அம்மா கேஸ் போட்டாங்க, காலேஜ் மேல மட்டுமில்ல, இங்க காலேஜ் விளையாட்டுக்கெல்லாம் ரூல் போடுற சங்கம் என்.சி.ஏ.ஏ. மேலயும். 2009ல சமரசமாச்சு, 2010ல இருந்து டிவிஷன் 1, அதாவது அந்தச் சங்கத்தோட மேல்மட்டக் காலேஜ்ல புதுசா சேர்ற எல்லாருக்கும் இந்த டெஸ்ட்னு ரூல் வந்துச்சு, அப்புறம் மத்த டிவிஷனுக்கும் வந்துச்சு. ரூல் போட்ட அன்னிக்கே வேணாம்னு எழுதிக்குடுக்குற வழியையும் சேத்தே வச்சாங்க. உங்க கையில இருக்குற மூணு கட்டமும் அங்கிருந்து வந்ததுதான். மூணாவது கட்டம் உங்க பையனைக் காப்பாத்த இல்லக்கா, காலேஜைக் காப்பாத்த.

ட்ரெய்ட்னா சிக்கிள் செல் மரபணு அப்பா, அம்மா ரெண்டு பேர்ல ஒருத்தர்கிட்ட இருந்து மட்டும் வந்திருக்குன்னு அர்த்தம், அவங்களுக்கு நோய் கிடையாது. நூத்துக்கு தொண்ணூத்தொம்பது பேர் வாழ்நாள் முழுக்க ஒண்ணும் தெரியாம இருந்துட்டுப் போவாங்க, ஒலிம்பிக் வரைக்கும் கூட போகலாம், டீம்ல இருந்து எடுக்கவும் மாட்டாங்க. பிரச்சனை எப்பன்னா, வெயில்ல, தண்ணி பத்தாம, நடுவுல ரெஸ்ட் குடுக்காம ஒருத்தனை எல்லை தாண்டி ஓடவிட்டா ரத்தத்துல இருக்குற சிவப்பணு அரிவாள் மாதிரி வளைஞ்சு சின்னச் சின்ன ரத்தக்குழாய அடைச்சுக்கும், தசை உள்ளயே உடைஞ்சு கரைய ஆரம்பிக்கும், அது போய் கிட்னியையும் ஹார்ட்டையும் புடிக்கும். இது தசைப்பிடிப்பு மாதிரி இருக்காது. புடிப்புன்னா பையன் கத்துவான், தசை கல்லு மாதிரி இருக்கும், தொட்டாலே தெரியும். இதுல கத்தவே மாட்டான், அப்படியே கால் துவண்டு உக்காருவான், தொட்டா தசை சாதாரணமா இருக்கும், பேசுவான் கூட. பாக்குறவங்களுக்கு சோம்பேறித்தனம் மாதிரி தெரியும், அதனாலதான் எந்திரி எந்திரின்னு விரட்டுவாங்க, அந்த விரட்டுலதான் உயிர் போகுது.

இப்ப நீங்க கேட்டது, பேப்பர் எங்க போகும். 2014 பிப்ரவரி, கலிஃபோர்னியா பெர்க்லி, டெட் ஆகு, 21 வயசு. இவனுக்கு டெஸ்ட் எடுத்தாச்சு. ட்ரெய்ட் இருக்குன்னு காலேஜ் மெடிக்கல் ஸ்டாஃபுக்குத் தெரியும், ஃபைல்ல இருக்கு. இருந்தும் காலங்காத்தால மலைச்சரிவுல கயிறைப் புடிச்சுக்கிட்டு ஏறி இறங்குற பயிற்சில விழுந்து இறந்துட்டான். முதல்ல ஹார்ட் பிரச்சனைன்னு எழுதினாங்க, குடும்பம் கேஸ் போட்டு எல்லாரையும் விசாரிச்சதுக்கு அப்புறம்தான் காரணத்தை மாத்தி எழுதினாங்க. 2016ல யுனிவர்சிட்டி தன் மேல தப்புன்னு ஒத்துக்கிட்டு 47.5 லட்சம் டாலர் குடுத்துச்சு. ரிப்போர்ட் ஃபைல்ல இருந்துச்சு, விசில் வச்சிருந்தவன் தலைல இல்ல.

என் சொந்த அனுபவம் ஒண்ணு சொல்றேன், காலேஜ் பேரு வேணாம். முன்னாடி வேலை பாத்த இடத்துல ட்ரெய்ட் இருக்குற பசங்க லிஸ்ட் எங்க ஆபீஸ் கம்ப்யூட்டர்ல பாஸ்வேர்டு போட்டு இருந்துச்சு. புதுசா வந்த ஸ்ட்ரெங்த் கோச்சுக்கு, அதாவது உடம்பு வலுவுக்குப் பயிற்சி குடுக்குறவருக்கு, யாரும் சொல்லல. ஜூலை மாசம், லீவு முடிஞ்சு வந்த ரெண்டாவது நாளே படிக்கட்டு ஏறி இறங்கச் சொல்லிட்டாரு. எட்டாவது தடவைல ஒரு பையன் கைப்பிடியப் புடிச்சுக்கிட்டு அப்படியே உக்காந்துட்டான். நான் கிட்ட போறேன், "என் கால் என் கால் மாதிரியே இல்ல"ன்னு மெதுவா சொன்னான். அவன் தொடையத் தொட்டுப் பாத்தேன், மெத்துன்னு இருந்துச்சு. கோச் மேல நின்னு இன்னும் ரெண்டு தடவைதான் எந்திரின்னு கத்துறாரு. நான் முடியாதுன்னுட்டு ஆக்சிஜன் வச்சு ஆம்புலன்சக் கூப்பிட்டேன். பையன் நாலு நாள் ஆஸ்பத்திரில இருந்து பொழச்சு வந்துட்டான், இப்ப ரெண்டு கொழந்தைக்கு அப்பா. ஆனா மறுநாள் என்னை ரூமுக்குக் கூப்பிட்டு, யார்ட்ட கேட்டு பிராக்டீஸ நிறுத்துனன்னு கேட்டாங்க. எனக்கு சம்பளம் போடுறதும் கான்ட்ராக்ட் புதுப்பிக்கிறதும் யாரு, அந்த கோச்சுக்கு மேல இருக்குற அதே டிபார்ட்மென்ட்தான். அங்கதான் கோளாறு இருக்கு. டெஸ்ட் எடுக்குறது 10 நிமிஷ வேலைக்கா, கோச்சை நிறுத்துற அதிகாரம் யார்கிட்ட இருக்குங்கிறதுதான் விஷயமே.

மேரிலேண்ட் யுனிவர்சிட்டில நடந்ததையும் படிச்சு வைங்க. 2018 மே 29, ஜோர்டன் மெக்நேர், 19 வயசு, 110 கஜ ஓட்டம் 10 தடவை, அது சிக்கிள் செல் இல்ல, வெப்பத்தாக்கு. அறிகுறி தெரிஞ்சதுல இருந்து ஆம்புலன்ஸ் கெளம்புற வரைக்கும் 1 மணி 39 நிமிஷம். ஆஸ்பத்திரில பாத்தப்போ உடம்புச் சூடு 106 டிகிரி. ஐஸ் தண்ணில முக்கியிருந்தா பொழச்சிருப்பான், முக்கல. 15 நாள் போராடி ஜூன் 13 இறந்துட்டான். இதுல என் மனசு ஆறாத விஷயம் என்னன்னா, அதுக்கு முந்தின வருஷமே டிரெய்னருங்கள விளையாட்டு டிபார்ட்மென்ட்ல இருந்து பிரிச்சு மெடிக்கல் ஸ்கூலுக்குக் கீழ கொண்டு போகலாம்னு ஒரு திட்டம் யுனிவர்சிட்டி பிரசிடென்ட் டேபிளுக்குப் போயிருக்கு, அவரு வேணாம்னுட்டாரு. பையன் இறந்தப்புறம் அதே பிரசிடென்ட்தான் சட்டப்படியும் தார்மீகமாவும் நாங்கதான் பொறுப்புன்னு சொன்னாரு. யுனிவர்சிட்டி போர்டு ஆளுங்க அக்டோபர் 30 அன்னிக்கு கோச்சை வச்சுக்கலாம்னு சொன்னாங்க, மாணவருங்க கொதிச்சுட்டாங்க, மறுநாளே பிரசிடென்ட் கோச்சை எடுத்தாரு, அதுக்கடுத்த நாள் போர்டு தலைவரும் போனாரு. அஞ்சு மாசம் ஆச்சுக்கா அதுக்கு.

அதனால டெஸ்ட் எடுங்க. எடுத்துட்டு அந்தக் காலேஜ் அத்லெட்டிக் டிரெய்னர்கிட்ட நேரா பேசுங்க, கோச்கிட்ட இல்ல. என்ன கேக்கணும்னு வேணும்னா சொல்றேன்.

கூடலூர்_மருமக

தம்பி, படிச்சிட்டு கொஞ்ச நேரம் ஒண்ணுமே ஓடல. அந்தப் பையன் கால் என் கால் மாதிரி இல்லன்னு சொன்னத என் மகன்கிட்ட படிச்சுக் காமிச்சேன், ஒண்ணும் பேசல, போனை வாங்கி முழுசா அவனே படிச்சான். தமிழ் வேகமா படிக்க வராது, இருந்தும் எழுத்துக்கூட்டி படிச்சான்.

இப்ப வேற ஒரு சிக்கல். மாமியார்கிட்ட போன்ல சொன்னோம், அவங்க "அதெல்லாம் டெஸ்ட் எடுத்து ஏதாச்சும் வந்துட்டா நாளைக்கு சின்னவளுக்கு மாப்பிள்ளை பாக்கும்போது ரத்தத்துல குறைன்னு பேச்சு வரும், இருக்குறத இருக்குற மாதிரி விடு"ங்குறாங்க. வீட்டுக்காரரும் அமைதியாயிட்டாரு. அவங்க பக்கத்துல ஒரு பெரியப்பா மகன் சின்ன வயசுல கை கால் வலி வலின்னு படுத்து இறந்துட்டதா எப்பவோ ஒரு தடவை சொல்லிருக்காரு, இப்ப கேட்டா அதெல்லாம் வாதக்காய்ச்சல்னு முடிச்சுட்டாரு.

மலைக்காட்டு_டாக்டர்

மேடம், நான் நீலகிரில 9 வருஷம் அரசு டாக்டரா இருந்தேன், இப்ப ரிட்டயர்டு. ஊர்ப்பேரப் பாத்துட்டுதான் உள்ளயே வந்தேன்.

பாஸ்கர் சார் சொன்னது தப்பு, மன்னிக்கணும். இந்தியால சிக்கிள் செல்ல முதன்முதலா கண்டுபிடிச்சு எழுதினதே நீலகிரி மலைலதான், 1952ல, லேமன், கட்புஷ்னு ரெண்டு பேர். அங்க இருக்குற பழங்குடி மக்கள்கிட்ட, பணியர், குறும்பர், இருளர்கிட்ட நிறைய உண்டு, கூடலூர் வயநாடு பக்கம் பழங்குடி அல்லாத சில சமூகத்துலயும் உண்டு. மலேரியா நிறைய இருந்த இடத்துலல்லாம் இது தங்கிடுச்சு, ஏன்னா ட்ரெய்ட் இருந்தா மலேரியாவால சாகுறது கொறையும். அப்போ அது மலைல இருந்த உங்க முன்னோர் உசுரக் காப்பாத்தின ஒண்ணு, அதைப் போய் குறைன்னு சொல்லலாமா. ஆப்பிரிக்கா, மத்தியதரைக்கடல், அரபு நாடு, மத்திய இந்தியா எல்லா இடத்துலயும் இருக்கு. 2023 ஜூலைல மத்திய அரசு 7 கோடி பேருக்கு டெஸ்ட் எடுக்குறதா ஒரு திட்டமே ஆரம்பிச்சிருக்கு, பழங்குடி மாவட்டங்கள்ல.

உங்க பெரியப்பா மகன் கதைய கேட்டதும் எனக்கு ஒரு மாதிரி ஆச்சு. கை கால் வலின்னு படுத்த பிள்ளைங்கள வாதக்காய்ச்சல்னு சீட்டு எழுதி அனுப்பின காலம் ஒண்ணு இருந்துச்சு, நான் பழைய சீட்டு எத்தனையோ பாத்திருக்கேன். அவருக்கு இதுதான் இருந்துச்சுன்னு சொல்லல, ஆனா இந்தக் கதை இருக்குற குடும்பத்துல டெஸ்ட் எடுக்காம விடக்கூடாது.

சின்னவ இங்க பொறந்தவன்னீங்க. அமெரிக்கால 2006ல இருந்து எல்லா மாநிலத்துலயும் பொறந்த குழந்தைக்கு குதிகால்ல குத்தி எடுக்குற ரத்தத்துலயே இதைப் பாத்துடுறாங்க. அதனால அவ ரிசல்ட் ஏற்கனவே எங்கயோ ஃபைல்ல இருக்கு, பிள்ளைங்க டாக்டர்கிட்ட கேட்டா எடுத்துத் தருவாங்க. கல்யாணப் பேச்சுக்கு பயந்து மூடி வைக்கிற விஷயம் ஏற்கனவே எழுதியாச்சு மேடம். கல்யாணத்துல உண்மையிலேயே தெரிஞ்சுக்க வேண்டியது ஒண்ணுதான், ரெண்டு பேருக்கும் ட்ரெய்ட் இருந்தா பொறக்குற ஒவ்வொரு குழந்தைக்கும் நாலுல ஒரு பங்கு நோய் வர வாய்ப்பு. அதைத் தெரியாம கட்டிக்குடுக்குறதுதான் பொண்ணுக்குச் செய்ற கெடுதல்.

டெஸ்ட் எடுக்கும்போது ஒண்ணு கவனிங்க. சில லேப்ல வெறும் கரைதிறன் டெஸ்ட் எடுத்து இருக்கு இல்லன்னு ஒரு வரி குடுப்பாங்க. நம்ம ஊர் ஆளுங்களுக்கு பீட்டா தலசீமியா ட்ரெய்ட்னு பரம்பரையா வர்ற இன்னொரு ரத்தக் கோளாறு நெறைய, அது இந்த டெஸ்ட்ல தெரியாது. எலக்ட்ரோஃபோரசிஸ் இல்லன்னா ஹெச்.பி.எல்.சி. கேளுங்க, எந்த ஹீமோகுளோபின் எத்தனை சதவீதம்னு முழுசா வரும்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிடுறேன், தம்பி ஐஸ் டப் தப்பா எடுத்துக்க மாட்டார்னு நம்புறேன். அமெரிக்க ரத்தநோய் டாக்டர்கள் சங்கம் இந்தக் கட்டாய டெஸ்ட்ட எதிர்த்துச்சு. அவங்க சொன்னது, ட்ரெய்ட் உள்ள பையனத் தனியா முத்திரை குத்தி வைக்காதீங்க, எல்லாப் பையனையும் பாதுகாப்பா ஓட விடுங்கன்னு. அமெரிக்க ராணுவத்துல கிட்டத்தட்ட 48,000 கறுப்பின சிப்பாய்கள வச்சு 2016ல வந்த ஆராய்ச்சில, ட்ரெய்ட் இருந்தா சாவு கூடல, தசை கரையுற பிரச்சனை மட்டும் 54 சதவீதம் கூட இருந்துச்சு. ராணுவத்துல எல்லாருக்கும் தண்ணி, ஓய்வு, வெயிலுக்கு ஏத்த மாதிரி பயிற்சின்னு கட்டாயம். அந்த ஒழுங்கு இருந்தா சாவு கூடலங்கிறத கவனிக்கணும். நான் டெஸ்ட் எடுக்கணும்ங்கிற கட்சிதான், ஆனா டெஸ்ட் எடுத்துட்டோம்ல, அப்புறம் எப்படி வேணா விரட்டலாம்னு ஒரு கோச் நெனச்சா, டெஸ்ட் இல்லாம இருந்ததே தேவலை.

ஐஸ்_டப்

டாக்டர் சார், தப்பா எடுக்கவே இல்ல, நீங்க சொன்னதுதான் சரி. எங்க டீம்ல இப்ப லிஸ்ட்ல இருக்குற நாலு பேருக்கு மட்டும்னு இல்ல, யார் நிக்கணும்னாலும் நிக்கலாம்னு எழுதியே வச்சிருக்கோம், லீவு முடிஞ்சு வந்த முதல் வாரம் யாரையும் தண்டனை ஓட்டம் ஓட விடுறதில்ல. அதுக்கு மூணு வருஷம் சண்டை போட்டேன்.

மதுரை_பி.டி

நான் இங்க தமிழ்நாட்டுல ஒரு மகளிர் காலேஜ்ல பிசிகல் டைரக்டர். அமெரிக்கா விஷயம்னு தாண்டிப் போகலாம்னு பாத்தேன், முடியல. என் மனசுல ரொம்ப வருஷமா இருக்குற ஒண்ண எழுதிடுறேன்.

யுனிவர்சிட்டி மீட்டுக்கு பொண்ணுங்களக் கூட்டிட்டுப் போகணும்னா ஃபிட்னஸ் சர்டிஃபிகேட் வேணும். அதுல டாக்டர் கையெழுத்து, சீல். பி.டி.யா சேந்த மூணாவது வருஷம், நாளைக்கு காலைல பஸ், சாயங்காலம் 14 பேப்பர தூக்கிக்கிட்டு ஒரு கிளினிக்குக்குப் போனேன். பொண்ணுங்க யாரும் கூட வரல, ஹாஸ்டல்ல பெட்டி கட்டிட்டு இருக்காங்க. டாக்டர் ஒரு டீ குடிச்சு முடிக்கிற நேரத்துல 14லயும் கையெழுத்து போட்டுக் குடுத்தாரு. நானும் வாங்கிட்டு வந்துட்டேன். எல்லாரும் அப்படித்தான் செஞ்சாங்க, பிரின்ஸ்பால் ஆபீஸ்ல பேப்பர் இருக்கான்னுதான் பாப்பாங்க.

1500 மீட்டர்ல என் டீம் பொண்ணு ஒருத்தி மூணாவது சுத்துல உதடு வெள்ளையாகி சரிஞ்சா. தூக்கி மடில போட்டு அவ கண்ணு கீழ் இமைய இழுத்துப் பாத்தேன், ரத்தமே இல்ல, பேப்பர் மாதிரி இருந்துச்சு. ஆஸ்பத்திரில ஹீமோகுளோபின் 6.8னு சொன்னாங்க. நான் வச்சிருந்த பையில அவ முழுத் தகுதியோட இருக்கான்னு சீல் வச்ச சர்டிஃபிகேட் இருக்கு. அவங்க அப்பா கட்டட வேலை பாக்குறவரு, என்னைக் கையெடுத்துக் கும்பிட்டு மேடம் புள்ளைய பாத்துக்கிட்டீங்கன்னாரு. அன்னிக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அந்தப் பேப்பர்ல கையெழுத்து டாக்டரோடது, ஆனா அவரு கிட்ட தூக்கிட்டுப் போனது நான்.

பொண்ணு தேறிட்டா. காலேஜ்ல என்ன நடந்துச்சுன்னா, சர்டிஃபிகேட் இருக்குல்ல, அப்போ நம்ம மேல தப்பு இல்லன்னு ஃபைல மூடிட்டாங்க. அதுதான் எனக்கு ரொம்ப வலிச்சது. அதுக்கப்புறம் நானே பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல பேசி, ஜூன்லயும் டிசம்பர்லயும் டீம் பொண்ணுங்க எல்லாருக்கும் ரத்தம் எடுக்குறோம். ஒரு நோட்டு போட்டிருக்கேன், பேரு, தேதி, எவ்வளவு, என்ன மாத்திரை, கடைசில கிரவுண்ட்ல யார் இருக்காங்களோ அவங்க கையெழுத்து. முதல் வருஷம் எடுத்ததுல பாதிக்கு மேல ரத்தசோகை. ஆச்சரியமில்ல, 2019-21 தேசிய குடும்பநல சர்வேல நாட்டுல 15ல இருந்து 49 வயசுப் பொம்பளைங்கள்ல 57 சதவீதம்னு வந்துச்சே, நம்ம வீட்டுப் பிள்ளைங்கதானே அவங்க. காலை சாப்பாடு இல்லாம பஸ் ஏறி வந்து 7 மணிக்கு ஓடுற பிள்ளைங்க.

அம்மா, உங்களுக்கு ஒண்ணே ஒண்ணு சொல்றேன். உங்க மகன்கிட்ட கேட்டது கையெழுத்து. நீங்க குடுக்க வேண்டியது ரத்தம்.

பாஸ்கர்_நியூஜெர்சி

முதல்ல எழுதினதுக்கு மன்னிச்சிடுங்க மேடம், தெரியாம பேசிட்டேன். டாக்டர் சார், ஒரு சந்தேகம், ஓடும்போது ஹார்ட் நின்னு போறதுதான் நிறைய கேள்விப்படுறோம், யு.எஸ்.சி. யுனிவர்சிட்டில பேஸ்கட்பால் வீரர் லெப்ரான் ஜேம்ஸ் பையனுக்கு 2023ல பிராக்டீஸ்லயே ஆச்சே, அதுக்கு இ.சி.ஜி. ஃபார்ம்ல கேக்கலையே ஏன்?

மலைக்காட்டு_டாக்டர்

சார், அது பெரிய வாக்குவாதம். இத்தாலில 1982ல இருந்து போட்டில ஆடுற எல்லாருக்கும் இ.சி.ஜி. சட்டம், வெனெட்டோ பகுதில திடீர் சாவு 89 சதவீதம் கொறஞ்சதுன்னு 2006ல எழுதினாங்க. இஸ்ரேல்லயும் கட்டாயமாக்கினாங்க, அங்க கொறஞ்ச மாதிரி தெரியல. அமெரிக்கால கேள்வி கேட்டு, உடம்பைப் பாத்து விடுறதுதான் கட்டாயம், இ.சி.ஜி. காலேஜ் இஷ்டம். டிவிஷன் 1 ஆம்பளைங்க பேஸ்கட்பால்ல மட்டும் வருஷத்துக்கு 5,200 பேர்ல ஒருத்தர்னு கணக்கு வந்திருக்கு, அங்கயாச்சும் எடுக்கணும்ங்கிறது என் கருத்து. ஆனா ஜேம்ஸ் பையன் பொழச்சதுக்குக் காரணம் பக்கத்துல ஆள் இருந்து உடனே பாத்ததுதான். ஷாக் குடுக்குற மெஷின் எங்க இருக்கு, எத்தனை நிமிஷத்துல வரும்னு மேடம் கேக்கணும்.

ஐஸ்_டப்

அக்கா, கேக்க வேண்டியது இதுதான். அவசரத்துக்கு என்ன செய்வீங்கன்னு எழுதி வச்ச பிளான் இருக்கா, அது ஒவ்வொரு கிரவுண்டுக்கும் தனியா இருக்கா. க்ராஸ் கன்ட்ரி பசங்க கேம்பஸுக்கு வெளிய ரோட்டுல ஓடுவாங்க, அங்க யார் கூடப் போறா. ஐஸ் டப் எங்க, தண்ணி நிரப்பியே வச்சிருப்பாங்களா, இல்ல ஆளு விழுந்ததுக்கு அப்புறம் குழாயத் தொறப்பாங்களா. முதல்ல குளிர வை, அப்புறம் ஆம்புலன்ஸ்ல ஏத்துங்கிறது அவங்களுக்குத் தெரியுமா. பையன் ரிசல்ட் எந்தெந்த கோச்சுக்குப் போகும், யார் சொன்னாங்கன்னு கையெழுத்து இருக்கா. டிரெய்னர் நிறுத்துன்னா கோச் மறுத்துப் பேச முடியுமா. 2016, 2017ல என்.சி.ஏ.ஏ.லயே டாக்டர், டிரெய்னர் சொல்றத கோச் மாத்த முடியாதுன்னு எழுதிட்டாங்க, ஒவ்வொரு காலேஜும் இதுக்குன்னு ஒரு அதிகாரியப் பேர் சொல்லி வைக்கணும். அந்த அதிகாரி யாருன்னு கேளுங்க. டக்குன்னு பேர் சொல்லலைன்னா அங்கயே உங்களுக்குப் புரிஞ்சிடும்.

கூடலூர்_மருமக

எல்லாருக்கும் என்ன சொல்றதுன்னு தெரியல. நேத்து மூணு மணி நேரம் டிரைவ் பண்ணி நாங்க மூணு பேரும் காலேஜுக்கே போயிட்டு வந்தோம். ரத்தம் முந்தாநாளே குடுத்தாச்சு, எலக்ட்ரோஃபோரசிஸ்னு சீட்ல எழுதி வாங்கித்தான் குடுத்தோம், ரிசல்ட் செவ்வாய்க்கிழமை வரும். காலேஜ்ல ரிசல்ட் வர்ற வரைக்கும் தேதிய தள்ளி வச்சுட்டாங்க, அதுக்கு ஒரு மெயில் போட்டா போதும்னு எங்களுக்கு யாரும் சொல்லவே இல்ல.

டிரெய்னர் ஒரு சின்னப் பொண்ணு, 28, 30 வயசு இருக்கும். நான் தம்பி சொன்னதெல்லாம் பேப்பர்ல எழுதிட்டுப் போயிருந்தேன். முதல்ல கொஞ்சம் திகைச்சா, அப்புறம் நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்துட்டா. அதிகாரி பேரைக் கேட்டதும் உடனே சொன்னா. டப்பக் காமிக்கக் கூட்டிட்டுப் போனா, ட்ராக் ஓரத்துல ஒரு ஷெட், உள்ள நீலக்கலர் தொட்டி, காலியாத்தான் இருந்துச்சு. ஏன் காலியா இருக்குன்னு என் மகன்தான் கேட்டான், நான் இல்ல. ஆகஸ்ட் முதல் நாள்ல இருந்து பிராக்டீஸ் நாளெல்லாம் நிரப்பி வைப்போம்னா. ரோட்டுல ஓடுற நாளைக்குத்தான் கூட ஆள் இல்ல, நான் ஒருத்திதான் ஆறு டீமுக்குன்னு மறைக்காம சொன்னா. அதை எழுதித் தர முடியுமான்னு கேட்டேன், கொஞ்சம் யோசிச்சுட்டு, நீங்க மெயில்ல கேளுங்க, நான் அதிகாரிய காப்பில போட்டு பதில் போடுறேன்னா. அவளுக்கும் அது வேணும் போல. ராத்திரி வந்ததும் மெயில் போட்டுட்டேன்.

வர்ற வழியில வீட்டுக்காரர் ரொம்ப நேரம் பேசாம வண்டி ஓட்டிட்டு வந்தாரு. ஒரு பெட்ரோல் பங்க்ல நிறுத்திட்டு அவங்க அம்மாவுக்கு போன் போட்டாரு. அந்த அண்ணன் பேரு என்ன, எத்தனை வயசுல போனான், வலி எங்க எங்கன்னு சொல்லுவான்னு கேட்டுட்டே இருந்தாரு. அத்தை முதல்ல திட்டினாங்க, அப்புறம் அழுதாங்க, அப்புறம் முழங்கால்லயும் நெஞ்சுலயும்னு சொன்னாங்க. கடைசில, கூடலூர் ஆஸ்பத்திரில இத எடுப்பாங்களான்னு விசாரிச்சு சொல்லு, நானும் போய் குடுத்துட்டு வரேன்னுட்டாங்க.

டாக்டர் சார், அங்க யாரைப் பாக்கணும்னு கொஞ்சம் சொல்றீங்களா?

மலைக்காட்டு_டாக்டர்

அரசு ஆஸ்பத்திரிக்கே போகச் சொல்லுங்க மேடம், லேப்ல சிக்கிள் செல் டெஸ்ட்னு சொன்னா போதும், காலைல 8 மணிக்கெல்லாம் போயிட்டா கூட்டம் இருக்காது. கூட யாராச்சும் போகட்டும். இறந்துபோன பிள்ளையப் பத்தி அவங்க சொன்னத ஒரு காகிதத்துல எழுதி டாக்டர்கிட்ட குடுக்கச் சொல்லுங்க, வாயால சொன்னா சீட்டுல ஏறாது.